கடைசி எழுத்திலிருந்து

என் அக்காவின் வீட்டுக்காரரை எங்கள் கடைத்தெருவில் பேர் சொல்லிக் கேட்டால் யாருக்கும் தெரியாது. ரிவர்ஸ் என்று கேட்டால் குழந்தைகூடக் கை நீட்டி வழி காட்டும். கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிறவர். இடது கைக்காரர். இடமிருந்து வலமாக எழுதிக்கொண்டு போனால் ஈரப் பெயின்ட் மேலேயே அவர் கை உரசிக்கொண்டு போகும். அதனால் ஒவ்வொரு வரியையும் கடைசி எழுத்தில் தொடங்கி முதல் எழுத்துக்கு வந்து சேருவார். சாக்பீஸில் முழுவதையும் குறித்துக்கொள்வார், துணியால் லேசாகத் தட்டிவிடுவார், அப்புறம் பலகையின் வலது ஓரத்தில் போய் ஸ்டூலைப் போடுவார்.

தெருவுக்கு அது இலவச வேடிக்கை. தட்டிவிட்ட சாக்பீஸ் கோடு தூரத்திலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தெரியாது. பலகையின் ஓரத்தில் 'கம்' என்று மட்டும் நிற்கும். உணவகம் என்று ஒருவர் டீக்குப் பந்தயம் கட்டுவார், மருந்தகம் என்று இன்னொருவர். மாமா வாயைத் திறக்க மாட்டார். தோற்றவர் வாங்கித் தரும் டீயில் ஒன்று அவருக்கும் வரும், அது போதும் அவருக்கு.

எனக்குப் பெயின்ட் கடை. அவருக்குச் சாமான் நான்தான் கொடுப்பேன், அதனால் அவர் வேலை செய்யும் இடத்தில் பாதி நேரம் நானும் நின்றிருக்கிறேன். ஒரு வரியைத் தொட்டுவிட்டால் முடிக்காமல் பிரஷைக் கீழே வைக்க மாட்டார். பாதியில் விட்டால் பெயின்ட் காய்ந்து ஒட்டு தெரியுமாம். மழை கொட்டியபோது குடையைப் பிடித்துக்கொண்டு அவர் தலைக்கு மேலே நின்றிருக்கிறேன். என் முதுகு நனைந்தது, அவருடைய எழுத்து நனையவில்லை. சாப்பிடக் கூப்பிட்டால் "வரி முடியட்டும்" என்பார். தன் கல்யாணத்துக்கே அப்படித்தான் வந்தார். பதிவு அலுவலகத்தில் எல்லோரும் காத்திருக்க, நகக்கண்ணில் சிவப்புப் பெயின்டோடு மெதுவாக உள்ளே நுழைந்தார். ஏதோ ஒரு மருந்துக் கடைப் பலகையில் ஒரு வரி பாக்கி இருந்ததாம். "அன்னைக்கே நான் எந்திரிச்சுப் போயிருக்கணும்" என்று அக்கா வருபவர் போபவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

இவ்வளவும் எதற்குச் சொல்கிறேன் என்றால், பிறகு நடந்ததெல்லாம் இந்த இரண்டு பழக்கத்தில்தான் நிற்கிறது.

ஊரில் ஒரு பெரிய புள்ளியின் வீட்டு மதிலில் யாரோ அவரைத் திட்டி எழுதிவிட்டார்கள். எழுதியவன் யார் என்று கண்டுபிடிக்கப் போலீஸ் பெரிய மூளையைச் செலவழிக்கவில்லை. பெயின்ட், பிரஷ் வைத்திருப்பவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டது. மாமாவின் முறை வந்தபோது அவர் ஒரு தையல்கடைப் பலகையில் நடுவரியில் இருந்தார். இரண்டு பேர் வந்தார்கள். "சின்ன விசாரணைதான், வாங்க" என்றார்கள்.

"அந்தக் கோழிக் கிறுக்கலையா நான் எழுதினேன்? போய்ப் பாத்தீங்களா சார் அத?" என்றார் மாமா. பிடித்துக்கொண்டு போவதைவிட அந்தச் சந்தேகம்தான் அவருக்கு அவமானம். பிறகு, "வரி முடிச்சுட்டு வந்துடறேன்" என்றார். வந்தவர்கள் நல்ல மனநிலையில் இருந்தார்கள் போல. எதிர்க் கடையில் டீ குடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். மாமா வரியை முடித்தார், பிரஷைத் தின்னரில் அலசித் துடைத்துப் பெட்டியில் வைத்தார், பெட்டியைத் தையல்காரரிடம் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார். தையல்காரர் சொல்லித்தான் இதெல்லாம் எங்களுக்குத் தெரியும்.

சாயங்காலம் அக்கா சாப்பாட்டு டப்பாவோடு நிலையத்துக்குப் போனாள், கூட நானும் போனேன். வாசல் வராந்தாவைத் தாண்டி விடவில்லை. "அப்படி யாரையும் கூட்டிட்டு வரலியேம்மா" என்றார் அங்கே உட்கார்ந்திருந்தவர், எங்கள் முகத்தைப் பார்க்காமல். மறுநாளும் அதே பதில். அடுத்த வாரமும் அதே பதில். தையல்காரர் முதலில் எங்களிடம் சொன்னதையெல்லாம் நாங்கள் அமர்த்திய வக்கீல் முன்னால் கேட்டபோது, "நான் துணி வெட்டிட்டிருந்தேன், எதையும் கவனிக்கல" என்றார். சொல்லிவிட்டு வாசலை எட்டிப் பார்த்துக்கொண்டார். எனக்குக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

ஆளைக் கொண்டுவந்து நிறுத்தச் சொல்லி மனுப் போட்டோம். அந்த ஆளை நிலையத்துக்குக் கொண்டுவரவே இல்லை என்று இன்ஸ்பெக்டர் நீதிமன்றத்தில் சத்தியம் செய்து எழுதிக் கொடுத்தார். மனு முடிந்தது. வேறு ஒருத்தியோடு ஓடியிருப்பார் என்று நிலையத்தில் ஒரு கதையும் கட்டினார்கள். அக்கா அதைக் கேட்டு அழவில்லை. "கல்யாணத்துக்கே லேட்டா வந்த ஆளு. ஓடறதுக்கு மட்டும் நேரத்துக்குப் போயிடுவாரா?" என்றாள். சொன்னவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது.

அக்கா வண்டிகளுக்கு நம்பர் பிளேட் எழுதிப் பிழைத்தாள். அச்சுத் தகடு வைத்துத் தேய்க்கிற வேலை, என் கடை ஓரத்திலேயே உட்கார்ந்து செய்தாள். மாமாவின் பிரஷ்கள் விறைத்துப்போகாமல் இருக்க எண்ணெயில் ஊறப்போட்டு வைத்திருந்தாள். எண்ணெய் தீர்ந்தால் என்னிடம் கேட்பாள், நான் ஊற்றிக் கொடுப்பேன். வருடங்கள் போயின. அவர் போலீஸ் அடிக்குப் பயந்து தப்பித்துப்போய் எங்கோ தூரத்து ஊரில் பலகை எழுதிக்கொண்டிருக்கிறார் என்பது அவள் நம்பிக்கை. பஸ்ஸில் போனால் ஜன்னலோர இடம்தான் வேண்டும். வெளியூர்க் கடைகளில் பாதி எழுதிய பலகைகளைத் தேடிக்கொண்டே வருவாள். எல்லாமே முன்பாதி எழுதினவை. "வால் பக்கம் மட்டும் எழுதின பலகை ஒண்ணு என் கண்ல பட்டா போதும்டா. அங்கயே எறங்கிடுவேன்" என்பாள். அவள் முட்டாளில்லை. அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அப்படி இருந்தாள், நானும் அதைக் கலைக்கவில்லை.

அப்புறம்தான் வக்கீலம்மா வந்தார். வயதில் சின்னவர், பேச்சில் பட்டாசு. புதிதாக ஒரு வழக்குப் போடலாம் என்றார்.

"போலீஸ் கைல எடுத்த ஆளத் திருப்பிக் குடுக்க வேண்டியது அரசாங்கத்தோட பொறுப்பு. அவர் எங்க போனாருன்னு நாம சொல்ல வேண்டியதில்லக்கா, அவங்கதான் சொல்லணும். சொல்ல முடியலன்னா அரசாங்கம்தான் பதில் சொல்லியாகணும். ஆனா அவங்க கைக்குப் போனாருங்கறத மட்டும் நாம காட்டியாகணும்."

அந்த 'மட்டும்' எங்களிடம் இல்லை. ஜீப்பில் ஏறியதைப் பார்த்தவர்கள் யாரும் வாய் திறக்கத் தயாராக இல்லை. இல்லாமலேதான் வழக்குப் போட்டோம்.

விசாரணையில் அரசு வக்கீல் எழுந்தார். நல்ல குரல், நல்ல கோட்டு. இந்த நிலையம் எப்பேர்ப்பட்ட நிலையம் தெரியுமா என்கிற தோரணையில் பேசினார். கைதானவர்களின் உரிமைகளைப் பலகையில் எழுதி மாட்ட வேண்டும் என்று உத்தரவு வந்ததும் முதலில் மாட்டிய நிலையமே இதுதானாம். அதுவும், அந்த ஆள் காணாமல் போனதாகச் சொல்லப்படும் அதே வாரத்தில். உரிமையைச் சுவரில் எழுதி வைத்திருக்கிற இடத்தில் இப்படியொரு அக்கிரமம் நடக்குமா? பலகையைப் பெரிதாகப் படமெடுத்து நீதிபதியிடம் நீட்டினார். வக்கீலம்மாவுக்கும் ஒரு பிரதி வந்தது. அவர் உதட்டைச் சுழித்துவிட்டு, பின்னால் உட்கார்ந்திருந்த எங்களிடம் தள்ளினார்.

"பெருமையைப் பாருங்க" என்றார்.

அக்கா கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் பலகையை வலது ஓரத்திலிருந்து பார்த்துத்தான் பழக்கம். அவள் விரல் கடைசி வரியின் வலக்கோடியில் தொடங்கி இடது பக்கம் நகர்ந்தது. பொறுப்பு. நிலையமே. இந்த. உயிருக்கு. வரின். அங்கே விரல் நின்றது. அதற்கு முன்னால் எதுவும் இல்லை, வெறும் வெள்ளைத் தகடு.

'வரின் உயிருக்கு இந்த நிலையமே பொறுப்பு' என்று அந்தப் பலகை முடிந்தது. 'காவலில் இருப்பவரின்' என்று இருந்திருக்க வேண்டும். மேலே உள்ள வரிகளெல்லாம் முழுசாக இருந்தன.

"டேய்," என்றாள் அக்கா, என் கையைப் பிடித்து. "உங்க மாமா."

எனக்கு ஒரு நிமிடம் எதுவும் விளங்கவில்லை. விளங்கியதும் படத்தை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். வக்கீலம்மா திரும்பி, "பெயின்ட் உதிர்ந்திருக்குக்கா" என்று கிசுகிசுத்தார். "உதிரல. இன்னும் எழுதல" என்றாள் அக்கா. கிசுகிசுக்கவில்லை, முழுக் குரலில் சொன்னாள். நீதிபதி நிமிர்ந்து பார்த்தார்.

வக்கீலம்மாவின் மூளைக்கு விளக்கம் அதிகம் தேவைப்படவில்லை. உடனே எழுந்தார். உலகத்தில் எந்தப் பெயின்டர் வரியின் தலையை விட்டுவிட்டு வாலை எழுதுவான் என்று கேட்டார். சுவர் ஓதத்தில் உதிர்ந்திருக்கும் என்றார் அரசு வக்கீல். தகரத்துக்கு ஏது ஓதம் என்றார் இவர். எழுதியது யார் என்று நீதிபதி கேட்டார். அரசு வக்கீல் தன் காகிதங்களைப் புரட்டினார். அடுத்த முறை பலகையையே கொண்டு வாருங்கள் என்று உத்தரவானது.

வெளியே நடைபாதையில் நான் குதித்துக்கொண்டிருந்தேன். "மாட்டிக்கிட்டானுங்கக்கா! அவனுங்களே கொண்டுவந்து குடுத்துட்டானுங்க! மாமா உள்ள இருந்தாருங்கறதுக்கு இதுக்கு மேல என்ன வேணும்?" அத்தனை வருடக் கோபமும் எனக்குச் சந்தோஷமாக மாறியிருந்தது.

அக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். படம் மடியில் இருந்தது.

"வரிய முடிக்காம விட்டிருக்காருடா" என்றாள்.

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மழையில் முடித்தவர், பசியில் முடித்தவர், கல்யாணத்தைக் காக்க வைத்து முடித்தவர், போலீஸ்காரர்களையே டீ குடிக்க வைத்து முடித்தவர். ஒரு சொல்லின் நடுவில் அவராகப் பிரஷைக் கீழே வைத்திருக்க மாட்டார். வைத்தால் திரும்பி வந்து முடித்திருப்பார். அந்தப் பலகை அத்தனை வருடமும் அப்படியே தொங்கியிருக்கிறது. பஸ் ஜன்னலில் அவள் தேடிய வால் பக்கப் பலகை அவள் மடியிலேயே கிடந்தது, இறங்குவதற்குத்தான் இடமில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் அவள் ஜன்னலோரம் உட்காரவில்லை.

அடுத்த முறை பலகை வந்தது. அதைப் பார்த்து நான் சிரித்துவிட்டேன், அடக்க முடியவில்லை. அந்தப் புத்திசாலிகள் காலி இடத்தை எழுதி நிரப்பிக் கொண்டுவந்திருந்தார்கள்! 'காவலில் இருப்ப' வேறு கறுப்பு, வேறு கை, எழுத்து முன்னால் சாய்ந்து விழுந்துகொண்டிருந்தது. படம் ஏற்கனவே கோர்ட்டில் இருக்கிறது என்பது எவனுக்கும் உறைக்கவில்லை. நீதிபதி படத்தைப் பார்த்தார், பலகையைப் பார்த்தார். "உதிர்ந்த பெயின்ட் தானாவே வளந்துடுச்சா?" என்று அரசு வக்கீலைக் கேட்டார். அவர் தன் நல்ல கோட்டைச் சரிசெய்துகொண்டார்.

பிறகு கடைத்தெருவே சாட்சிக் கூண்டில் ஏறியது. ஜீப்பில் ஏற்றியதைப் பார்த்தேன் என்று சொல்ல ஒருவருக்கும் தைரியமில்லை. மாமா எப்படி எழுதுவார் என்று சொல்வதற்கு யாருக்கும் பயமில்லை, அது குற்றமா என்ன? மருந்துக் கடைக்காரர் தோற்ற டீக்களைப் பற்றிச் சொன்னார். தையல்காரர் தன் கடைப் பலகை எந்த எழுத்தில் தொடங்கியது என்று உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே வந்தார். "அந்த வரிய முடிக்கற வரைக்கும் அந்த ரெண்டு போலீஸ்காரங்களும் எதுத்த கடையில டீ குடிச்சிட்டு..." என்றவர் சட்டென்று நிறுத்தினார். கோர்ட்டே அவரைப் பார்த்தது. அவர் கண்ணை மூடிக்கொண்டு, "ஆமாங்க. ஜீப்ல கூட்டிட்டுப் போனாங்க. நான் பாத்தேன்" என்றார்.

கடைசியாக, அந்த நிலையத்தில் எழுத்து வேலை பார்த்து ஓய்வுபெற்ற காவலரை வரவழைத்தார்கள். வராந்தாவில் எங்கள் முகத்தைப் பார்க்காமல் பதில் சொன்னவர் அவர்தான். இப்போதும் பார்க்கவில்லை. அவர் சொன்னதை நான் எவ்வளவு மறக்கப் பார்த்தாலும் முடியவில்லை.

"மறுநாள் பெரிய அதிகாரி சோதனைக்கு வர்றாரு. உரிமைப் பலகை மாட்டியாகணும். தகரம் இருக்கு, எழுத ஆள் இல்ல. உள்ளதான் ஒரு பெயின்டர் இருக்கானேன்னு இன்ஸ்பெக்டர் சொன்னாரு. வெளிய கூட்டிட்டு வந்தோம். வலது கைய ஜன்னல் கம்பியோட சேத்து விலங்கு போட்டோம். எடது கையால எழுதற ஆள்ங்கறதால வசதியாப் போச்சு."

"மேல சொல்லுங்க" என்றார் நீதிபதி.

"என்ன எழுதணும்னு நான்தான் படிச்சுச் சொன்னேன். கைதானா வீட்டுக்குத் தகவல் சொல்லணும்னு ஒரு வரி வந்துது. எழுதிட்டு என்னைப் பாத்து, 'எங்க வீட்ல சொல்லிட்டீங்களா சார்'னு கேட்டாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ஒண்ணும் சொல்லலீங்க."

என் பக்கத்தில் அக்கா மூச்சு விடுகிறாளா என்று பார்த்தேன்.

"கடைசி வரி பாதில இருக்கறப்போ இன்ஸ்பெக்டர் ரூமுக்கு வரச் சொன்னாங்க. வரிய முடிச்சுட்டு வந்துடறேன்னாரு. வந்து முடிச்சுக்கலாம் வாடான்னு ரெண்டு பேர் இழுத்துட்டுப் போனாங்க. கதவு சாத்திட்டாங்க. அதுக்கப்புறம் நான் அவரைப் பாக்கலீங்க. காலைல பலகையத் தொடைச்சு மாட்டச் சொன்னாங்க. மாட்டினேன். பெரிய அதிகாரி வந்தாரு, கீழ நின்னு பாத்துட்டு நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போனாரு."

கோர்ட்டில் பேச்சு வரும்வரை அந்தப் பலகையை ஒருவர்கூடப் படித்ததில்லை. சோதனைக்கு வந்தவர் படிக்கவில்லை. படமெடுத்தவர் படிக்கவில்லை. படத்தைப் பெருமையாக நீட்டிய வக்கீலும் படிக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் அதற்குள் பெரிய பதவிக்குப் போயிருந்தார். எதுவும் ஞாபகமில்லை என்றார். உடல் கிடைக்கவில்லை. எங்கே என்றும் எவரும் சொல்லவில்லை. தீர்ப்பில் நீதிபதி தெளிவாக எழுதினார்: உயிரோடு உள்ளே போனவர் வெளியே வந்ததற்கு அடையாளம் இல்லை, அவருக்கு என்ன ஆனது என்று சொல்ல வேண்டியவர்கள் சொல்ல மறுக்கிறார்கள், எனவே அரசே பொறுப்பு. இன்ஸ்பெக்டர் மேல் கொலை வழக்குப் பதியவும் உத்தரவிட்டார். நஷ்டஈடும் உண்டு. வக்கீலம்மா அக்காவைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். அக்கா அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தாள், ஜெயித்தது வக்கீலம்மா மட்டும்தான் என்பதுபோல. அன்றிலிருந்து அவள் என்னிடம் எண்ணெய் கேட்கவில்லை. பிரஷ்கள் விறைத்துவிட்டன.

தீர்ப்பில் இன்னொன்றும் இருந்தது. பலகையைப் படத்தில் இருந்தபடியே ஆக்கி, அதே இடத்தில் மாட்ட வேண்டும். அதை யார் செய்வது என்று பேச்சு வந்தபோது, நான் செய்கிறேன் என்றாள் அக்கா.

கடையிலிருந்து தின்னரும் பிளேடும் பழந்துணியும் எடுத்துக்கொண்டு காலையில் போனோம். முதல்முறையாக வராந்தாவைத் தாண்டி உள்ளே விட்டார்கள். உள்ளே ஒரு சாதாரண நடை, ஒரு தண்ணீர்ப் பானை, கம்பி போட்ட ஒரு ஜன்னல். அந்தக் கம்பியை அக்கா தொட்டுப் பார்த்தாள். பிறகு பலகையை மேஜைமேல் படுக்க வைத்து, துணியை நனைத்து, அவர்கள் நிரப்பிய எழுத்துகளைத் துடைக்க ஆரம்பித்தாள். புதுப் பெயின்ட் கரைந்து வந்தது. 'வரின்' பக்கம் வந்ததும் துணியை வைத்துவிட்டுப் பிளேடை எடுத்து, நகம் வெட்டுகிற பதனத்தோடு ஓரத்தைச் சுரண்டினாள். மாமாவின் எழுத்தில் ஒரு கீறல் விழவில்லை.

புதிதாக வேலைக்கு வந்த போலீஸ்காரர் ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். கெட்டவராகத் தெரியவில்லை. பலகையை மாட்ட அவரே ஸ்டூல் கொண்டுவந்து போட்டார். மாட்டி முடித்ததும் தள்ளி நின்று பார்த்தார்.

"ஒரு வரி மட்டும் இப்படி அரைகுறையா நிக்குதேம்மா. நீங்களும் பெயின்ட் வேலை செய்யறவங்கதானே, நீங்களே அழகா எழுதிட்டுப் போயிடுங்களேன்" என்றார்.

அக்கா தின்னர் டப்பாவின் மூடியை இறுக்கி மூடினாள்.

"எழுதினவரை நீங்கதானே உள்ள கூட்டிட்டுப் போனீங்க? வெளிய அனுப்புங்க தம்பி. வந்து முடிச்சுக் குடுப்பாரு."